டி.டி.எஸ். மீட்டரைப் பார்த்து சாஃப்ட்னர் வாங்கலாமா?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று தண்ணீரைப் பற்றியவை. மூன்றும் தாம்பரத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குடும்பம் இன்னும் சில நாட்களில் ஒரு பெரிய தொகையைக் கட்டப் போகிறது.

அகரம்தென்னிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை. குழாய், ஷவர், பக்கெட் எல்லாம் வெள்ளையாகக் கறை பிடிக்கிறது. கீசர் இரண்டு முறை பழுதாகிவிட்டது. பருப்பு வேக ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு கம்பெனி ஆள் வந்து மீட்டரை வைத்துப் பார்த்து 1,150 என்றார். வீடு முழுவதற்கும் சாஃப்ட்னர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். 58,000 ரூபாய். மகளிர் குழுவில் கடன் வாங்கித்தான் போட வேண்டும். என் கணவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டில் இரண்டு கறவை மாடு, நான்கு தென்னை, கறிவேப்பிலை, முருங்கை இருக்கின்றன. கறிவேப்பிலை துளிர் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. வாங்கலாமா?"

சகோதரி, முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். வந்தவர் அளந்தது ஒன்று, விற்க வந்தது வேறொன்றுக்கான இயந்திரம்.

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மொத்தம் எவ்வளவு என்று உத்தேசமாகச் சொல்லும். அது என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. சமையல் உப்பு கரைந்திருந்தாலும் 1,150 காட்டும், சுண்ணாம்பு கரைந்திருந்தாலும் 1,150 காட்டும். தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் மட்டும்தான். சோப்பைத் திரிய வைப்பதும், கீசர் கம்பியில் ஓடு போல் படிவதும், பருப்பை வேகவிடாமல் செய்வதும் இவை இரண்டும்தான். கரிக்கும் தண்ணீரெல்லாம் கடின நீர் இல்லை. கடின நீரெல்லாம் கரிப்பதும் இல்லை.

சாஃப்ட்னர் என்ன செய்கிறது? அதனுள் மணி மணியாக ஒரு ரெசின் இருக்கும். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடும். உப்பை எடுப்பதில்லை, ஓர் உப்பை வாங்கிக்கொண்டு வேறோர் உப்பைத் தருகிறது. நம்பாவிட்டால் சாஃப்ட்னர் போட்டிருக்கும் வீட்டில் அதே மீட்டரை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும்.

ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் கடினத்தைப் போக்க 0.46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை 600 என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 276 மில்லிகிராம் சோடியம் புதிதாகச் சேர்கிறது. குடிப்பதும் சோறு குழம்பில் சேர்வதுமாக இரண்டு லிட்டர் உடம்புக்குள் போனால் ஏறக்குறைய 550 மில்லிகிராம். சமையல் உப்பாகக் கணக்கிட்டால் 1.4 கிராம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடும் உங்கள் கணவருக்கு அதில் கால் பங்குக்கு மேல் குழாய் வழியாகவே போய்விடும். அவருடைய மருத்துவரிடம் கேட்காமல் இந்தத் தண்ணீரை அடுப்படிக்கும் குடிக்கவும் விடாதீர்கள்.

தோட்டத்துக்கும் இதே கதைதான். கால்சியம் மண்ணுக்கு நண்பன். மண்ணைப் பொலபொலப்பாக வைக்கும். சோடியம் களிமண்ணைச் சேறாக்கி, காய்ந்தபின் பாளம் பாளமாக இறுக வைக்கும். களர் நிலத்துக்கு நாம் ஜிப்சம் போடுவது சோடியத்தை விரட்டிக் கால்சியத்தை ஏற்றத்தான். சாஃப்ட்னர் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சுவது அதற்கு நேர் எதிரான வேலை. போதாததற்கு, ரெசினைக் கழுவ ஒவ்வொரு முறையும் கிலோ கணக்கில் உப்பு போட வேண்டும். அந்தக் கழிவு நீர் எங்கே போகும் என்று வந்தவர் சொன்னாரா? பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் அது உங்கள் தென்னை மூட்டுக்கோ, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோதான் போகும்.

சாஃப்ட்னரே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் குழாயில் மட்டும் சிறியதாக ஒன்று போட்டு, அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் மாட்டுத் தொட்டிக்கும் நேரடிக் குழாயை வைத்துக்கொண்டால் அது நியாயமான செலவு. ஆனால் அதற்கு முன் உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மழைநீர் கொஞ்சம் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அதில் காதி சோப்பைச் சீவிப் போட்டுக் கரையுங்கள். டிடர்ஜென்ட் கட்டியோ ஹேண்ட்வாஷோ வேண்டாம், அவை கடின நீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும். ஒரே அளவுள்ள மூன்று பாட்டில்களில் பாதி பாதி ஊற்றுங்கள்: ஒன்றில் மழைநீர், ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவைத்துத் தெளிந்த போர் தண்ணீர். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் அடங்காமல் நிற்க எத்தனை சொட்டு ஆனது என்று எண்ணுங்கள். மழைநீருக்குச் சில சொட்டு போதும். போர் தண்ணீருக்கும் அதைவிடச் சற்றுதான் கூடுதலாக ஆகிறது என்றால் உங்கள் பிரச்சினை கடினம் இல்லை, வெறும் உப்பு. சாஃப்ட்னரால் ஒரு பயனும் இல்லை. போர் தண்ணீருக்குப் பல மடங்கு ஆகி, கொதித்ததற்குக் குறைந்துவிட்டால் அது தற்காலிகக் கடினம்: பைகார்பனேட் உருவில் இருக்கும் சுண்ணாம்பு, கொதித்ததும் அடியில் படிந்துவிடும். கொதித்தும் மாறவில்லை என்றால் நிரந்தரக் கடினம். உங்கள் கீசர் இரண்டு முறை போனதை வைத்துப் பார்த்தால் தற்காலிகக் கடினம் நிறையவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இது உத்தேசம்தான். சரியான எண்ணுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். 58,000 ரூபாய்க்கு முன்னால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி அன்றைக்கே கொடுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுவருபவர்கள் அதிகம், அதைத் தவிருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மை 200 வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். டி.டி.எஸ். அதேபோல் 500, 2,000. உங்கள் 1,150 அந்த இரண்டாவது எல்லைக்குள்தான் இருக்கிறது.

விற்பனைக்கு வருபவர்கள் இன்னொரு வித்தையும் காட்டுவார்கள். இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்ததும் போர் தண்ணீர் செம்பழுப்பாகக் கலங்கும், அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருக்கும். "பாருங்கம்மா, இந்த அழுக்கைத்தான் குடிக்கிறீங்க" என்பார்கள். அது அழுக்கு இல்லை, அந்த இரும்புக் கம்பி கரைந்து வரும் துரு. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், உப்பில்லாத தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. அதுதான் வித்தை. அவர்களுடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். குழாயில் காந்தம் கட்டினால் கடினம் போய்விடும் என்று ஒருவர் வந்தால் அவரிடம் மேலே சொன்ன சோப்புச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கடின நீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று பயமுறுத்துவதும் உண்டு. கடினத்தன்மைக்கு உடல்நலக் காரணம் காட்டி உலக சுகாதார நிறுவனம் எந்த எல்லையும் வைக்கவில்லை. கல் வருவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று தண்ணீரே போதுமான அளவு குடிக்காமல் இருப்பது.

உங்கள் பகுதித் தண்ணீர் ஏன் இப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் சார்னோக்கைட் என்ற கரும்பாறையின் மேல் இருக்கின்றன. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார்கள். இந்தப் பாறை சிதையும்போது கால்சியமும் மக்னீசியமும் நீரில் கரைகின்றன. தண்ணீர் பாறை வெடிப்புக்குள் எவ்வளவு காலம் கிடக்கிறதோ அவ்வளவு கரையும். அதனால் 'நல்ல தண்ணீருக்காக' போரை இன்னும் ஆழப்படுத்துவதில் பெரும்பாலும் பயனில்லை. மழை இறங்கும் திறந்த கிணற்றுத் தண்ணீர்தான் பல வீடுகளில் சப்பென்று இல்லாமல் இருக்கும். கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகப் போக களிமண்; அங்கே பல இடங்களில் கடினத்தைவிட உப்புத்தான் தொல்லை. மேடவாக்கத்துக்கு ஏற்ற இயந்திரம் முடிச்சூருக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை. பல்லாவரம், நாகல்கேணி பக்கம் இருப்பவர்கள் மட்டும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை மனதில் வைத்து குரோமியத்தையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அது கடினத்தைவிடப் பெரிய விஷயம்.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்? பருப்புக்கு: இரவு ஒரு பாத்திரம் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு மூடி வையுங்கள். காலையில் அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் எடுத்துப் பருப்பை வேகவையுங்கள். ஆப்ப சோடா போட்டாலும் வேகும், ஆனால் அதிலும் சோடியம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வேண்டாம். பருப்பு வேகும் முன் புளியை ஊற்றாதீர்கள்.

தலைக்குச் சீயக்காயும் அரப்பும் நம் பாட்டிமார் சும்மா தேய்க்கவில்லை. அவற்றின் நுரை சோப்பு நுரை போல் கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. கடைசியாக ஒரு சொம்பு மழைநீரோ கொதித்துத் தெளிந்த நீரோ ஊற்றிக்கொண்டால் முடி சிக்குப் பிடிப்பது குறையும். துணிக்குச் சலவை சோடா ஒரு கரண்டி முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு சோப்பு போடுங்கள். சோப்புச் செலவு குறையும்.

கீசரை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு கூடக் கூடச் சுண்ணாம்பு படிவது கூடும். வருடத்துக்கு ஒரு முறை திறந்து ஓட்டைத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் ஆனோடு கம்பியையும் மாற்றச் சொல்லுங்கள். ஷவரையும் குழாய் வடிகட்டியையும் கழற்றி, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மூன்று ஸ்பூன் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், போட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பளிங்குத் தரையில் மட்டும் இதை ஊற்றாதீர்கள், அரித்துவிடும். எந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. குளியலறை போன்ற சிறிய அறையில் அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்து.

தேத்தாங்கொட்டை தேய்த்தால் போகுமா என்று சிலர் கேட்பதுண்டு. அது கலங்கல் நீரைத் தெளிய வைக்கும். கரைந்திருக்கும் சுண்ணாம்பை அது ஒன்றும் செய்யாது. படிகாரமும் அப்படித்தான்.

மாடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம், 1,150 டி.டி.எஸ். உள்ள கடின நீர் கறவைக்குக் கெடுதல் செய்யாது. தென்னையும் தாங்கும்.

கறிவேப்பிலையில் இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. தண்ணீரில் உள்ள பைகார்பனேட் மண்ணில் இருக்கும் இரும்பைச் செடி எடுக்க முடியாமல் பூட்டிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில், மழைநீர் கிடைத்தால் மிக நல்லது, முதலில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, பிறகு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. தெளித்த பத்து நாள் கழித்து நன்றாகக் கழுவிச் சமையலுக்குப் பறிக்கலாம். மல்லிகைக்கும் இதே மருந்துதான். ஆனால் முதிர்ந்த இலையின் நுனி கருகுகிறது என்றால் அது வேறு. உப்பு கூடியதன் அடையாளம். அதற்கு அன்னபேதி கேட்காது.

இனி அந்தப் பணம். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னைப் பகுதியின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். வீணாவதை ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் உங்கள் மாடியில் விழுகிறது, அதில் பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில். கடினம் இல்லை, உப்பு இல்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய பிறகு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் குழாய் இறங்குகிறது. ஆனால் பல வீடுகளில் அது தெருவைப் பார்த்துத்தான் இறங்குகிறது.

ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர், மொத்தம் நாளுக்கு 40 லிட்டர். 10,000 லிட்டர் மூடிய தொட்டி ஒன்று மார்கழியில் நிறைந்திருந்தால் 250 நாள் வரும். அதற்குள் ஆவணி, புரட்டாசி மழை எட்டிப் பார்த்துவிடும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இதற்கு வாங்குங்கள், அல்லது முதல் வருடம் 5,000 லிட்டரில் தொடங்குங்கள். ஒவ்வொரு மழையிலும் முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். மணல், கூழாங்கல், அடுப்புக்கரி வடிகட்டி வழியாக இறக்குங்கள். தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் போகக் கூடாது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். தொட்டி நிறைந்த பிறகு மிச்சத்தைக் கிணற்றிலோ போருக்குப் பக்கத்தில் உள்ள உறை கிணற்றிலோ இறக்கினால் போர் தண்ணீரின் கடினமும் சில பருவங்களில் கொஞ்சம் தணியும்.

அடுத்து முடிச்சூரிலிருந்து வந்த கேள்வி: "ஆர்.ஓ. மிஷினில் வெளியேறும் தண்ணீரைச் செடிகளுக்கு விடலாமா?"

மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வந்தால், அந்த மூன்று லிட்டர் உப்பும் மீதி இரண்டு லிட்டரில் இருக்கும். போர் தண்ணீர் 1,000 என்றால் கழிவு ஏறக்குறைய 1,500. தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற நல்லது. தென்னைக்கு விடலாம், ஆனால் ஒரே மரத்துக்குத் தினமும் வேண்டாம், மரம் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். அவரை, கறிவேப்பிலை, தொட்டிச் செடிகளுக்கு வேண்டாம். மழைநீர்க் குழிக்குள் மட்டும் இறக்காதீர்கள். இன்னொன்று, உங்கள் வீட்டில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வந்து அதன் டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருந்தால் அதற்கு ஆர்.ஓ. தேவையில்லை, தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் இதைச் சொல்லியிருக்கிறது. கொதிக்க வைத்தால் போதும்.

மணிமங்கலத்திலிருந்து ஒரு காய்கறி விவசாயி: "வேப்பெண்ணெய்க் கரைசல் தயாரித்தால் எண்ணெய் மேலே மிதக்கிறது, அடியில் தயிர் போல் திரிகிறது. எண்ணெய் கலப்படமா?"

எண்ணெயைச் சந்தேகிப்பதற்கு முன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். நீங்கள் சேர்த்த காதி சோப்பைக் கால்சியம் பிடித்துக்கொண்டது. திரிந்து நிற்பது அதுதான். எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து வைக்க சோப்பு மிச்சம் இல்லை, அதனால் எண்ணெய் மிதக்கிறது. அதை அப்படியே அடித்தால் டேங்கின் கடைசியில் வரும் எண்ணெய் இலையைக் கருக்கிவிடும். லிட்டருக்கு 30 மில்லி எண்ணெய் என்ற அளவை மாற்ற வேண்டாம். சோப்புக்குப் பதில் லிட்டருக்கு ஒரு மில்லி டீபால் சேருங்கள், அல்லது பூந்திக்கொட்டையை இரவு ஊறவைத்துப் பிசைந்து வடிகட்டிய நீரைச் சேருங்கள். இரண்டும் கடின நீரில் திரியாது. எண்ணெயையும் இதையும் முதலில் ஒரு சிறிய பாத்திரத்தில் நன்றாக அடித்துப் பால் போல் ஆனபிறகு டேங்கில் ஊற்றி, கலக்கிக்கொண்டே அடியுங்கள். அப்போதும் எண்ணெய் மிதந்தால் பாட்டிலைக் கடைக்காரரிடம் கொண்டு போங்கள்.